இரண்டு நாள் லீவும் ஓர் அப்பாஸ்ட்ரபியும்

பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்தில் ஒரு மாணவன் தேவைக்காக எழுதும் முதல் ஆங்கிலம் பெரும்பாலும் லீவ் லெட்டர்தான். அதன் வாசகம் தமிழ்நாடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றே: காய்ச்சல் கண்டிருக்கிறது, பள்ளிக்கு வர இயலாது, “லீவ் ஃபார் டூ டேஸ்” தந்தருள வேண்டும். தலைமுறை தலைமுறையாக மனப்பாடத்தில் ஓடிவரும் இந்த வார்ப்பில் பிழையே கிடையாது. அதே மாணவன் வளர்ந்து, நெய்வேலியிலோ கடலூர் சிப்காட்டிலோ வேலைக்குச் சேர்ந்து, மேலதிகாரிக்கு மின்னஞ்சலில் நறுக்கென்று விடுப்பு கேட்கும்போது அது “டூ டேஸ் லீவ்” என்று சுருங்குகிறது. இலக்கணப்படி அது “டூ டேஸ்’ லீவ்”. கடைசி எஸ் எழுத்துக்குப் பின்னால் மேலே தொங்கவேண்டிய அந்தக் குறியைத்தான் காணோம். வேலைக்கான விண்ணப்பத்தில் “ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்”, ராஜினாமாவில் “ஒன் மன்த் நோட்டீஸ்”, வியாபாரக் கடிதத்தில் “தர்ட்டி டேஸ் கிரெடிட்” என்று எங்கும் இதே கதை. இதை அசட்டை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அசட்டையால் வரும் பிழை ஆளுக்கொரு விதமாக இருக்கும். எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அந்தக் காரணம் குறியில் இல்லை, காதில் இருக்கிறது என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில் வகுப்பறை. அப்பாஸ்ட்ரபி நமக்கு ‘உடைய’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு கற்பிக்கப்படுகிறது. “ராமு’ஸ் புக்” என்றால் ராமுவுடைய புத்தகம். “கவ்’ஸ் டெய்ல்” என்றால் பசுவினுடைய வால். ஆட்களுக்கும் விலங்குகளுக்கும் இந்தச் சூத்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. காலத்துக்கு வரும்போது கைவிடுகிறது. இரண்டு நாளுடைய லீவு என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. நாள் என்பது எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆசாமியும் அல்ல. எனவே, கற்ற விதிக்கு உண்மையாக நடக்கும் மாணவனே குறியை விட்டுவிடுகிறான். அதே மாணவன் ஹோட்டல் பலகையில் இருக்கும் “டுடே’ஸ் ஸ்பெஷல்” என்பதில் தடுமாறுவதில்லை. டுடே என்பதும் காலம்தானே, அங்கே மட்டும் எப்படிக் குறி ஒட்டிக்கொள்கிறது?

இதற்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. காலத்தைப் பெயரோடு சேர்க்கத் தமிழில் இரண்டு வழி உண்டு. இன்று, நேற்று, நாளை போன்ற சுட்டுக்காலச் சொற்கள் கண்ணுக்குத் தெரியும் ஓர் உருபைப் பெறுகின்றன: இன்றைய விலை, நேற்றைய செய்தி, நாளைய கூட்டம். அளவைச் சொல்லும் காலச் சொற்களோ உருபில்லாமல் அப்படியே போய் ஒட்டிக்கொள்கின்றன: ஒரு நாள் கூலி, பத்து நிமிட நடை, மூன்று மாத வாடகை. ‘இன்றைய’ என்பதற்கு இணையாக ஆங்கிலத்தில் ’எஸ் வருவது நமக்கு இயல்பாகப் படுகிறது, ஏனென்றால் இரண்டு மொழியிலும் அங்கே ஏதோ ஒன்று கூடுதலாகக் கேட்கிறது. ‘ஒரு நாள் கூலி’க்கு இணையாக “எ டே’ஸ் வேஜஸ்” என்று ஒரு எஸ் ஒலிக்கவேண்டும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே உருபில் அடக்கிவிட்டது. தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. உறவு என்பது சொத்துரிமை மட்டுமல்ல என்பதை நம் இலக்கணிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரித்து, பிறிதின்கிழமைக்குள் பொருள், இடம், காலம் மூன்றையும் வைத்தார்கள். நன்னூல் படித்துவிட்டு ஆங்கில வகுப்புக்குப் போகும் மாணவனுக்கு ‘உடைய’ என்ற ஒற்றைச் சொல்லைவிட விரிவான ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அடுத்தடுத்த வகுப்பறையில் இருந்தும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்பது தனி வருத்தம்.

தமிழ் அளவுக்காலத்தை அடையாளமே இல்லாமல் விட்டுவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. மாதம் என்பது ‘மாத’ ஆகிறது, வாரம் ‘வார’ ஆகிறது. வல்லினம் வந்தால் ஒற்று மிகுகிறது. மாதச் சம்பளம், மூன்று ஆண்டுச் சிறை, ஒரு மணி நேரப் பயணம். அந்த ச், ப் எல்லாம் ஒருவகையில் நம் அப்பாஸ்ட்ரபிகள்தாம்: சொல்லும்போது பலருக்குக் காதில் விழாது, எழுதும்போது மட்டும் தேவைப்படும். அவற்றையும் நாம் தாராளமாக விட்டுவிடுகிறோம். ‘மாத சம்பளம்’ என்று எழுதிவிட்டுப் பிள்ளையின் ஆங்கிலக் குறிக்காகத் தலையில் குட்டும் பெற்றோரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இனி ஆங்கிலத்தின் பக்கம். நாளுக்கு உடைமை ஏது என்ற கேள்விக்கு ஆங்கில வரலாறு தரும் பதில், இந்த உருபு ஒருபோதும் உடைமைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதே. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் இந்த வேற்றுமையில் ‘எஸ்’ என்று முடிந்தன. நாள் என்ற சொல்லுக்கு அது “டேயெஸ்” போல ஒலித்தது. அதே உருபு தனியாக நின்று ‘பகலில்’, ‘இரவில்’ என்ற பொருளும் தந்தது. இன்றும் “ஹி வொர்க்ஸ் நைட்ஸ்” என்று சொல்லும்போது கேட்கும் எஸ் அந்தப் பழைய வேற்றுமையின் வழிவந்தது. ஒருமுறை, இருமுறை என்று பொருள்படும் “ஒன்ஸ்”, “ட்வைஸ்” என்ற சொற்களின் கடைசி ஒலியும் அதுவே. காலத்துக்கும் இந்த எஸ்ஸுக்கும் உள்ள உறவு அப்பாஸ்ட்ரபியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. குறி பின்னால் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுக்கூடங்களின் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் வேலை விடுபட்ட எழுத்தைக் காட்டுவதுதான். ‘ஓ’கிளாக்’ என்பதில் இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது. “ஆஃப் த கிளாக்” என்பதன் சுருக்கம் அது. வேற்றுமை உருபில் விழுந்துபோன உயிரெழுத்துக்கு ஈடாக அது நிலைபெறக் காலம் பிடித்தது. பன்மையில் எஸ்ஸுக்குப் பின்னால் போடும் வழக்கமோ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகே உறுதிப்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்’ஸ் ட்ரீம்’ நாடகம் 1600இல் முதன்முதலாக அச்சான பதிப்பின் தலைப்பில் அப்பாஸ்ட்ரபி கிடையாது. 1623ஆம் ஆண்டின் பெருந்தொகுப்பிலும் கிடையாது. எஸ் மட்டும் இருந்தது. அதை யாரும் விடவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் விஷயம் இருக்கிறது. உயிர் எஸ்ஸில் இருக்கிறது, குறி அதன் நிழல். இன்றைய இலக்கண நூல்கள் இந்த வகையை ‘அளவு வேற்றுமை’ என்ற பொருளில் தனியாகப் பெயரிட்டு விளக்குகின்றன. குவர்க் குழுவினரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணமும், ஹடில்ஸ்டனும் புல்லமும் தலைமையேற்று 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமும் இதை உடைமையோடு குழப்பிக்கொள்ளவில்லை. ஒரு பெயர்ச்சொல்லின் கால அளவு எவ்வளவு என்பதைச் சொல்லும் உருபு இது, அவ்வளவுதான். அப்படியென்றால் குறி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கண்டுபிடிக்கக் கண்ணை நம்பிப் பயனில்லை. “டே’ஸ்”, “டேஸ்”, “டேஸ்’” மூன்றும் அப்படியே கேட்டால் காதுக்கும் ஒன்றே. ஆனால் எண்ணை ஒன்றாக மாற்றிப் பார்த்தால் வேறுபாடு ஒலியிலேயே வந்துவிடும். ஐந்து வருட அனுபவம் என்பதை ஒரு வருடமாக்கினால் “ஒன் இயர்’ஸ் எக்ஸ்பீரியன்ஸ்”. பன்மை போன பிறகும் எஸ் நிற்கிறது; அப்படியானால் அது வேற்றுமையின் எஸ், பன்மையில் அதற்குக் குறி உண்டு. ஐந்து வயது என்பதை ஒன்றாக்கினால் “ஒன் இயர் ஓல்ட்”. எஸ் போய்விட்டது, அங்கே குறிக்கு வேலையில்லை. பத்து நிமிடம் தாமதம், ஆறு மாதக் கர்ப்பம், மூன்று வருடம் முன்பு என்பவற்றின் ஆங்கில வடிவங்களும் இப்படித்தான்; பின்னால் வருவது பெயர்ச்சொல் இல்லை என்பதால் எஸ் வெறும் பன்மை. விதியைப் பாதி கற்றவர்கள் “ஃபைவ் இயர்ஸ்’ ஓல்ட்” என்று மிகையாகப் போடும் பிழையையும் இந்த ஒரே சோதனை பிடித்துவிடுகிறது.

இந்தியச் சட்ட வாசகங்கள் இதற்கு நல்ல சான்று. சட்டம் எழுதுபவர்கள் நிறுத்தக்குறியில் சோம்பல் படுவதில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, வேளாண்மைக்கோ உற்பத்திக்கோ விட்ட குத்தகையை முடிக்க “சிக்ஸ் மன்த்ஸ்’ நோட்டீஸ்” என்றும், மற்றவற்றுக்கு “ஃபிஃப்டீன் டேஸ்’ நோட்டீஸ்” என்றும் பேசுகிறது. ஆட்குறைப்பு வழக்குகளில் பல பத்தாண்டுகளாக அடிபட்ட 1947ஆம் ஆண்டுத் தொழில்தகராறு சட்டத்தின் 25 எஃப் பிரிவு “ஒன் மன்த்’ஸ் நோட்டீஸ்” என்றது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் “ஃபிஃப்டீன் டேஸ்’ வேஜஸ்” தரச் சொன்னது. ஒருமைக்கு எஸ்ஸின் முன்னால், பன்மைக்குப் பின்னால். செக் திரும்பிய வழக்குகளில் எல்லாரும் மேற்கோள் காட்டும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அதே பதினைந்து நாள் குறியில்லாமல் வருகிறது. நோட்டீஸ் கிடைத்த “ஃபிஃப்டீன் டேஸுக்குள்” பணம் கட்டவேண்டும் என்பது அங்கே வாசகம். பின்னால் அளக்கப்படும் பெயர்ச்சொல் இல்லை, எனவே குறி இல்லை. ஒரே வக்கீல் ஒரே நாளில் ஒரு கடைவாடகை நோட்டீஸும் ஒரு செக் நோட்டீஸும் தயாரித்தால் ஒன்றில் குறி போடவேண்டும், மற்றதில் போடக்கூடாது. இன்னொரு வழியும் சட்டத்துக்குத் தெரியும். கிராமத்தில் எல்லாரும் நூறு நாள் வேலை என்று சொல்லும் திட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் “ஒன் ஹண்ட்ரட் டேஸ் ஆஃப்” என்று நீட்டி எழுதிச் சிக்கலையே தவிர்த்துவிட்டது. அரசு ஊழியரைக் கட்டாய ஓய்வில் அனுப்பும் அடிப்படை விதி 56உம் “நாட் லெஸ் தேன் த்ரீ மன்த்ஸ்” என்று நோட்டீஸைப் பின்னுக்கு அல்ல, முன்னுக்கு வைத்து நழுவுகிறது. நம் மாணவனின் “லீவ் ஃபார் டூ டேஸ்” இந்த மரபைச் சேர்ந்ததுதான்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் ஒன்று, குறி இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்பது. இதில் நியாயம் உண்டு. காலத் தொடர்களில் எண் முன்னாலேயே நின்று பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. பதினைந்து நாள் நோட்டீஸில் குறி விடுபட்டதால் யாரும் அதைப் பதினாறு நாளாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. 2002இல் வந்த ‘டூ வீக்ஸ் நோட்டீஸ்’ என்ற ஹாலிவுட் படம் தலைப்பில் குறியில்லாமலே ஓடியது. நிறுத்தக்குறிகளைப் பற்றிய புத்தகத்தை மறு ஆண்டே வெளியிட்டுப் புகழ்பெற்ற லின் ட்ரஸ், அந்தப் பட விளம்பரத்துக்கு முன்னால் குச்சியில் கட்டிய அப்பாஸ்ட்ரபியோடு நின்றதுதான் மிச்சம். லண்டனின் பெரிய புத்தகக்கடை நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012இல் தன் பெயரிலிருந்த குறியை எடுத்துவிட்டது. அமெரிக்காவின் ‘வெட்ரன்ஸ் டே’ குறியே இல்லாத அதிகாரப்பூர்வ விடுமுறை. ஆனால் இவற்றில் எதுவும் குறி தேவையில்லை என்று நிறுவவில்லை. பெயர்ப்பலகை வேறு, வாக்கியம் வேறு. ஒரு நிறுவனம் தன் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்; ஆங்கில எழுத்துநடைக்கு வழிகாட்டும் சிகாகோ கையேடும் அசோசியேட்டட் பிரஸ் கையேடும் வாக்கியத்துக்குள் வரும் காலத்தொடரில் குறியைக் கைவிடச் சொல்லவில்லை. வேலைக்கான விண்ணப்பத்தைப் படிப்பவருக்குப் பொருள் புரிவது மட்டும் போதாது, எழுதியவருக்கு மொழி எவ்வளவு கைவந்திருக்கிறது என்றும் அவர் பார்க்கிறார்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. “டூ வீக்ஸ் நோட்டீஸ்” என்பதில் வீக்ஸ் என்பதை வேற்றுமையாகப் பார்க்காமல், ‘சேவிங்ஸ் பேங்க்’ என்பதில் சேவிங்ஸ் நிற்பதுபோல் வெறும் அடையாகப் பார்த்தால் என்ன? பார்க்கலாம்தான். ஆனால் ஒருமைக்கு வந்தால் வாதம் உடைகிறது: அடைதான் என்றால் ஒருமையில் எஸ் போகவேண்டும், ஆங்கிலேயர் காதுக்கு அது போவதில்லை. அங்கேதான் நம் சிக்கலும் வெளிப்படுகிறது. நம் அலுவலகங்களில் “ஒன் வீக் லீவ்”, “ஒன் மன்த் நோட்டீஸ்” என்பது அன்றாடப் பேச்சு. ஒருமையிலேயே எஸ்ஸை நாம் உச்சரிப்பதில்லை. ஒரு வார லீவு, ஒரு மாத நோட்டீஸ் என்ற தமிழ் அமைப்பு ஆங்கிலச் சொற்களைப் போட்டுக்கொண்டு நடக்கிறது. பன்மையில் குறி விடுபடுவது இந்த நோயின் அறிகுறி மட்டுமே. ஆகவே “டேஸ்’” என்று கரும்பலகையில் நூறு முறை எழுதவைப்பதால் பயன் குறைவு; “எ டே’ஸ் வொர்க்”, “ஆன் அவர்’ஸ் ஜர்னி” என்று ஒருமையை வாயால் சொல்லவைத்து, எஸ்ஸைக் காதுக்குப் பழக்குவதே முதல் வேலை. இந்திய ஆங்கிலம் தனக்கென ஒரு வழக்கை உண்டாக்கிக்கொள்ள உரிமை இல்லையா என்று கேட்பவர்களோடு பேச்சைப் பொறுத்தவரை சண்டையில்லை. எழுத்தில், அதுவும் ஒப்பந்தத்திலும் விண்ணப்பத்திலும், அந்த வழக்கு இன்னும் வழக்காகவில்லை. நம் சட்டப்புத்தகங்களே அதற்கு எதிர்ச்சாட்சி.

தமிழ்க் காதுக்கு ஒத்துவரும் ஓர் ஆங்கில வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். “எ டூ-வீக் லீவ்”, “எ த்ரீ-டே கேம்ப்” என்று இடையில் சிறுகோடு போட்டு எழுதினால் பன்மையும் இல்லை, எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை. ‘மூன்று நாள் முகாம்’ என்பதன் அச்சு அசல் இது. எண்ணுக்குப் பின்னால் நாள் ஒருமையிலேயே நிற்பதுகூடத் தமிழ்தான். முன்னால் “எ” என்ற சொல் வேண்டும், கோடு வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடு மட்டும் உண்டு. சந்தேகம் வந்தால் இந்த வடிவத்துக்கோ லீவ் லெட்டரின் நீட்டல் வடிவத்துக்கோ ஒதுங்கிக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் நோட்டீஸ், எக்ஸ்பீரியன்ஸ், வேஜஸ் போன்ற சொற்களோடு இது எப்போதும் பொருந்துவதில்லை. அங்கே வேற்றுமையைக் கற்றே ஆகவேண்டும்.

சிறப்பு நாட்களின் பெயர்கள் இதன் கிளைக்கேள்வி. இதை நீட்டவேண்டியதில்லை. செப்டம்பர் 5ஐ இந்தியா 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. ஆசிரியர் பலர், ஆகவே “டீச்சர்ஸ்’ டே”. குறியை எஸ்ஸுக்கு முன்னால் தள்ளினால் ஒரே ஓர் ஆசிரியருக்கு விழா எடுத்ததாகிவிடும். நவம்பர் 14இல் நிலைமை தலைகீழ்: “சில்ட்ரன்” என்பதே பன்மை, எஸ் சேர்ந்த “சில்ட்ரன்ஸ்” என்று தனிப்பன்மை இல்லை, எனவே குறி எஸ்ஸுக்கு முன்னால்தான். அன்னையர் தினம் இன்னும் சுவையானது. அதைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி ஆனா ஜார்விஸ், ஒவ்வொருவரும் தத்தம் ஒரு தாயை நினைக்கவேண்டும் என்பதற்காகவே ஒருமையை வலியுறுத்தினார். தமிழில் நாம் அதை அன்னையர் என்று பன்மையாக்கிக்கொண்டோம். யாருக்கும் குறை வரவில்லை.

கடைசியாக, இன்று தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கண்ணில்படும் கால அப்பாஸ்ட்ரபி, “90’ஸ் கிட்ஸ்”. தேன்மிட்டாய் விற்கும் கடைப்பலகை முதல் மீம் வரை எங்கும் இந்த வடிவமே. மேலே சொன்ன சோதனையை இங்கே வைத்துப் பார்த்தால் வேற்றுமையும் இல்லை, எஸ்ஸுக்கு முன்னால் விடுபட்ட எழுத்தும் இல்லை, வெறும் பன்மை. விடுபட்டது 19 என்ற இலக்கங்கள், எனவே குறி வரவேண்டிய இடம் எண்ணுக்கு முன்னால்: “’90ஸ்”. கணினி அங்கேயும் காலை வாரும்; சொல்லின் தொடக்கத்தில் வரும் குறியை மேற்கோள் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு வளைவைத் திருப்பிப் போட்டுவிடும். பலர் தப்பித்துக்கொள்ள “90ஸ்” என்று குறியே இல்லாமல் எழுதுகிறார்கள், அதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் கடைப்பலகைக்காரரைப் பார்த்துச் சிரிக்க அவசரப்படவேண்டாம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழே நெடுங்காலம் பத்தாண்டுகளை எண்ணுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் குறி போட்டுத்தான் அச்சிட்டது. இலக்கத்தின் மேல் ஓர் எழுத்தை நேராக ஒட்டினால் கண் உறுத்துகிறது, நடுவில் ஒரு தாழ்ப்பாள் வேண்டியிருக்கிறது என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ் நாளிதழ்களில் ‘1990-களில்’ என்றும் ‘5-ம் தேதி’ என்றும் நடுவில் விழும் சிறுகோடும் அதே உறுத்தலுக்கு வைத்த மருந்து. அந்தக் கோட்டை எடுத்துவிட்டு ‘1990களில்’ என்று எழுதும் பத்திரிகைகளும் இருக்கின்றன. இரண்டு தரப்பும் ஒரே வீட்டில், ஒரே செய்தித்தாள்காரர் போட்டுப்போன கட்டில் வந்து விழுகின்றன.